பொந்து சொல்லும் ஆழம்

(சேரன்மகாதேவியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாறைகளைப் பற்றிப் பேச வருகிறவரிடம் இந்தப் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி, "நம்ம மலையில ரத்தினக்கல் கிடைக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. மேற்கே பொதிகை நிற்கிறது. ஊரை ஒட்டியே கொழுந்துமாமலை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் வட்டாரத்தில் வைடூரியம் எடுத்திருக்கிறார்கள். கடலைத் தாண்டினால் இலங்கையின் இரத்தினபுரி. இவற்றுக்கு நடுவே இருக்கிற நமக்கு மட்டும் ஏன் பேர் சொல்லும்படி ஒன்றும் இல்லை? பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் நிற்கிற பாறை மிக ஆழத்தில் உருவானது. சில மணிக்கற்கள் கண்ணாடிபோலத் தெளிந்து வளர்வதற்குப் பாறைக்குள் ஒரு பொந்து வேண்டும். அவ்வளவு ஆழத்தில் பொந்து நிலைக்காது. இதை விரித்துச் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

பொந்து எங்கே இருந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். அதற்குக் கொங்கு நாட்டுக்குப் போக வேண்டும். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகிற சாலையில் படியூர் என்று ஓர் ஊர். அங்கே கடல்நீர் நிறத்தில் பெரில் என்னும் கல் விளைந்தது. அந்த நிறத்துப் பெரிலை நகைக்கடையில் அக்வாமரின் என்பார்கள். பச்சையாக இருந்தால் அதே பெரில்தான் மரகதம். 1819, 1820 ஆகிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜே. எம். ஹீத் இங்கே தோண்டி 2,196 கற்கள் எடுத்தார் என்றும், அவற்றின் மதிப்பு 1,201 பவுன் என்றும் பதிவு இருக்கிறது. பிற்காலத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை வைத்தவரும் இதே ஹீத்தான். படியூர்ச் சுரங்கம் பிறகு தண்ணீர் நிறைந்து கைவிடப்பட்டது.

எத்தனை கல், எத்தனை பவுன் என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நூற்றாண்டுக் குறிப்புகளில் வருகிற இன்னொரு செய்தி. படியூரின் நல்ல கற்கள் கெட்டிப் பாறைக்குள் புதைந்து கிடக்கவில்லை. கிளீவ்லண்டைட் என்கிற வெள்ளைத் தகட்டுப் பெல்ட்ஸ்பார்க் கனிமத்தின் நடுவே இருந்த வெற்றிடங்களில்தான் அவை இருந்தன. கல் என்ன விலை போயிற்று என்று எழுதியவர்கள் பலர். கல் எதில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவானவர்களுக்குப் புவியியல் படித்த நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

படியூருக்கு வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே நடத்திய அகழாய்வுகளில் பெரில், படிகம், சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. முழுதாகச் செய்தவை, பாதியில் நின்றவை, துளையிடும்போது உடைந்தவை, சில்லுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் இறந்தவர், தம் இயற்கை வரலாற்றின் 37-ஆம் நூலில் பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்கிறார். இந்தியர்கள் நீளமான கற்களை விரும்புகிறார்கள் என்கிறார். அவற்றின் ஆறு பட்டைகள் கைவினைஞர் தீட்டியவை என்று சொல்லிவிட்டு, பட்டையோடுதான் அவை விளைகின்றன என்று கருதுவோரும் உண்டு என்று சேர்க்கிறார். அந்தக் கடைசிக் கூட்டத்தார் சொன்னதுதான் சரி. பெரில் ஆறு பட்டைத் தண்டாகத்தான் வளரும். ஆனால் அந்தப் பட்டைகள் பளபளப்பாக, நுனி முறியாமல், முழுத் தண்டாகக் கைக்கு வர வேண்டுமானால் அது வெற்றிடத்தில் வளர்ந்திருக்க வேண்டும். கெட்டிப் பாறைக்குள் வளர்ந்த பெரிலை உளி வைத்துப் பெயர்த்தால் துண்டுதுண்டாகத்தான் வரும். ரோமாபுரிக்குப் போன அந்த நீண்ட கற்களுக்குப் பின்னால் கொங்குப் பாறையின் பொந்துகள் இருந்தன என்று நான் கருதுவது இதனால்தான்.

இனி, அந்தப் பொந்து எப்படி வந்தது?

பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது மொத்தமும் ஒரே நேரத்தில் இறுகிவிடுவதில்லை. முதலில் சில கனிமங்கள் படியும், அப்புறம் வேறு சில. கடைசியில் கொஞ்சம் குழம்பு மிஞ்சும். முன்னால் படிகிற பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும், அதாவது நம் ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே அது, தங்களுக்கு வேண்டிய சிலிக்கான், அலுமினியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கின்றன. பெரிலியத்துக்கு அங்கே இடமில்லை. அதன் அயனி மிகச் சிறியது, அந்தக் கட்டமைப்புகளில் உட்காராது. போரான், லித்தியம் இவற்றின் கதியும் பெரும்பாலும் அதுவே. தண்ணீரும் அப்படித்தான். ஆகவே குழம்பு குறையக் குறைய, மிச்சத்தில் இவையெல்லாம் செறிந்துகொண்டே போகும். பூமியின் மேலோட்டில் பெரிலியம் பத்து லட்சம் பங்கில் இரண்டு மூன்று பங்குதான். அது பெரிலாகத் திரள்கிற அளவுக்குச் சேர வேண்டுமானால், ஒரு பெரிய கிரானைட் குழம்பு ஏறத்தாழ முழுவதும் இறுகி, கடைசிக் கையளவு மிஞ்சுகிற நிலை வர வேண்டும். அந்தக் கடைசிக் குழம்பு சுற்றியுள்ள பாறையின் விரிசல்களில் புகுந்து இறுகினால் அதுதான் பெக்மடைட். விரல் அகலத்திலிருந்து பல மீட்டர் அகலம் வரைக்கும் இருக்கும். படிகங்கள் கைப்பிடி அளவு, சில இடங்களில் ஆள் உயரம்.

படிகம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? நெடுங்காலம் மெல்ல மெல்ல ஆறியதால் என்றுதான் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்த இடத்தில் அந்தப் பாடம் போதாது. பெக்மடைட் புகுந்த விரிசல் பெரும்பாலும் தன்னைவிடக் குளிர்ந்த பாறையில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலமுள்ள குழம்பு அங்கே லட்சம் ஆண்டுகள் சூடாக இருக்க வழியில்லை. விரைவிலேயே ஆறிவிடும். அப்படியானால் அளவுக்குக் காரணம் என்ன?

உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிறவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பாகைக் கிண்டிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதே பாகில் நூல் கட்டி, ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால் பனங்கற்கண்டு. பாகு ஒன்றுதான். கிண்டும்போது ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் படிகம் பிறக்கிறது, எதற்கும் பெரிதாக வளர இடமும் சரக்கும் இல்லை. நூலில் மட்டும் பிறந்த சில படிகங்களுக்கோ பாகு முழுவதும் சொந்தம். படிகத்தின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை இடத்தில் பிறக்கிறது என்பது. பெக்மடைட் குழம்பில் இருக்கும் தண்ணீரும் போரானும் ஃபுளோரினும் பாஸ்பரஸும் குழம்பின் சிலிக்காச் சங்கிலிகளை அறுத்து அதை நீர்க்கச் செய்கின்றன. புதுப் படிகம் பிறப்பதைத் தடுக்கின்றன. இறுக வேண்டிய வெப்பநிலைக்கு வெகுவாகக் கீழே போன பிறகும் குழம்பு குழம்பாகவே நிற்கிறது. கிரானைட் சுமார் 650 டிகிரியில் முழுவதும் இறுகிவிடும் என்றால், இந்தச் சரக்கு நிறைந்த குழம்பு 500 டிகிரிக்குக் கீழேயும் உயிரோடு இருக்கும். பிறகு எங்கோ சில இடங்களில் படிகம் பிறந்துவிட்டால், நீர்த்த குழம்பில் சரக்கு தடையில்லாமல் ஓடி வந்து சேர்கிறது. வளர்ச்சி மிக வேகமாக நடக்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் கலிஃபோர்னியாப் பெக்மடைட் ஒன்றின் குவார்ட்ஸ் படிகங்களில் இருந்த நுண்ணிய தனிமங்களை அளந்து 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு மீட்டர் நீளப் படிகம் சில நாட்களில் வளர்ந்திருக்கக்கூடும். கோடி ஆண்டு பழைய பாறைக்குள், ஒரு பனங்கற்கண்டுப் பானைக்கு ஆகிற காலத்தைவிடக் குறைவான காலத்தில் வளர்ந்த படிகம்! இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து நான் பெக்மடைட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

இதுவரை சொன்னதில் பொந்து வரவில்லை. பருமனான படிகம் வேறு, பொந்து வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

குழம்பில் கரைந்திருக்கும் தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நிர்ணயிப்பது அழுத்தம். பூமிக்குள் 3.7 கி.மீ. இறங்கினால் மேலே இருக்கிற பாறையின் எடை சுமார் ஆயிரம் வளிமண்டல அழுத்தம். அந்த ஆழத்தில் கிரானைட் குழம்பு தன் எடையில் ஏறத்தாழ 4 சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதைப்போல் இருமடங்கு ஆழத்தில் 6 சதவீதம், 18 கி.மீ. ஆழத்தில் 10 சதவீதம். இப்போது பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் படிந்துகொண்டே போகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை. மிச்சக் குழம்பில் தண்ணீரின் சதவீதம் ஏறுகிறது. எல்லையைத் தொட்டதும் தண்ணீர் தனியே பிரிகிறது. வெப்பம் கூடாமல், ஆறுகிற போக்கிலேயே நடக்கிற கொதி இது. பிரிந்த நீர் குழம்புக்குள் குமிழாகத் திரண்டு, கடைசியாக இறுகும் இடத்தில், அதாவது பெக்மடைட்டின் நடுப்பகுதியில், அடைபட்டு நிற்கிறது. சுற்றிலும் பாறை இறுகிவிடுகிறது. உள்ளே நீர் இருந்த இடம் பொந்தாகிவிடுகிறது.

ஆக, பொந்து என்பது பிறகு யாரோ குடைந்த துளை அன்று. மழைநீர் அரித்ததும் அன்று. குழம்பிலிருந்து பிரிந்த சுடுநீர் தனக்காகப் பிடித்துவைத்த இடம். அந்த நீர் நம் குடிநீர் போன்றதும் அன்று. பல நூறு டிகிரிச் சூட்டில், சிலிக்கா, சோடியம், போரான், பெரிலியம் எல்லாம் கரைந்திருக்கும் திரவம்.

1969-இல் புவியியலாளர்கள் ரிச்சர்ட் ஜான்ஸ், வெய்ன் பர்ன்ஹாம் ஆகிய இருவரும் இந்த நீர்ப் பிரிவைத்தான் பெக்மடைட்டின் எல்லாக் குணங்களுக்கும் மூலம் என்றார்கள். பெரிய படிகம்கூட அதனால்தான் என்றார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டேவிட் லண்டன் பல்லாண்டு ஆய்வகத்தில் குழம்பு காய்ச்சிப் பார்த்து, நீர் பிரியாமலே பெரிய படிகம் வளரும், குழம்பு தன் உறைநிலைக்குக் கீழே குளிர்வதே முதற்காரணம் என்று காட்டினார். நான் சற்றுமுன் சொன்னது பெரும்பாலும் லண்டன் வழி. படிக அளவைப் பற்றிய இந்த வழக்கில் லண்டன் பக்கமே சான்று வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து. பொந்தைப் பொறுத்தவரை தகராறு இல்லை. நீர் பிரியாமல் பொந்து இல்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

ஒரு பெக்மடைட்டை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கையால் தடவிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுற்றுப்பாறையை ஒட்டி விரல் அகலத்துக்குச் சர்க்கரைபோல நுண்ணிய பாறை. சட்டென்று குளிர்ந்த இடம் அது. அடுத்து, பெல்ட்ஸ்பாருக்குள் குவார்ட்ஸ் கோணல்மாணலாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, எழுத்துப் பொறித்த தோற்றத்தில் ஒரு பாகம். அதைத் தாண்டினால் படிகங்கள் பெரிதாகின்றன. பெல்ட்ஸ்பார் செங்கல் அளவு, பிறகு பெட்டி அளவு. டூர்மலின் என்னும் கனிமத்தின் கருப்புத் தண்டுகள் நடுவை நோக்கி நீண்டு நிற்கும். அவற்றின் அடி ஒல்லியாகவும் நடுவை நோக்கிய தலை பருத்தும் இருக்கும், வளரும்போது மேலும் மேலும் இடமும் சரக்கும் கிடைத்ததால். அனுபவமுள்ள சுரங்கத் தொழிலாளி இந்தத் தண்டுகள் எந்தப் பக்கம் பருக்கின்றன என்று பார்த்துத்தான் தோண்டுவார். பிறகு வெள்ளைத் தகடுகளாகக் கிளீவ்லண்டைட். குவார்ட்ஸ் புகை நிறம் கொள்கிறது. தகடுகளுக்கிடையே இலேசான ஈரக் களிமண் தட்டுப்பட்டால் வெடி வைப்பதை நிறுத்திவிடுவார்கள். இரும்புக் கம்பியையும் வைத்துவிட்டு மரக்குச்சியும் கைவிரலுமாக இறங்குவார்கள். பொந்து வந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கும்? சுவரில் ஒரு முனை ஒட்டி, மறுமுனை வெற்றிடத்தை நோக்கி நிற்கும் படிகங்கள். பாறைக்குள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வளர்ந்த படிகத்துக்கு முகம் கிடையாது. எது எங்கே முடிந்ததோ அங்கே முடிந்தது. பொந்துக்குள் தடுக்க ஆளில்லை. அதனால் பெரிலின் ஆறு பட்டையும் தட்டையான தலையும், குவார்ட்ஸின் கூர் நுனியும், டூர்மலின் மேனியில் நெடுக ஓடும் கோடுகளும் முழுமையாக அமைகின்றன. தெளிவும் அதனால்தான். நீர்த்த திரவத்தில் வளரும் படிகத்துக்குள் குப்பை சிக்குவது குறைவு. பாறை ஆறிச் சுருங்கும்போது ஏற்படும் நெரிசலும் வெற்றிடத்தில் நிற்கும் படிகத்தைத் தொடுவதில்லை. ஒரே பெக்மடைட்டில் பாறைக்குள் இறுகிய பெரில் விரிசலோடிப் பால்வெள்ளையாக இருக்கும், பொந்துப் பெரிலோ கடல்நீராகத் தெளிந்திருக்கும். வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பொந்தின் வாழ்க்கை எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. பிரிந்த நீர், குழம்பில் கரைந்திருந்தபோது இருந்ததைவிட அதிக இடம் கேட்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சுவர் தாங்காவிட்டால் வெடிக்கிறது. சுவர்ப் படிகங்கள் முறிந்து தரையில் விழுகின்றன. திரவம் வெளியேறுகிறது. சூட்டில் எஞ்சிய திரவம் பெல்ட்ஸ்பாரை அரித்துக் களிமண்ணாக்குகிறது. முறிந்த படிகங்களில் சில அந்தக் களிமண்ணுக்குள் கிடந்தபடியே மறுபடி நுனி வளர்த்து முறிவை ஆற்றிக்கொள்கின்றன. 1972-இல் கலிஃபோர்னியாவின் பாலா வட்டாரத்தில் டூர்மலின் குவீன் சுரங்கத்தில் திறந்த பொந்தில் கிடைத்த டூர்மலின்கள் உலகப் புகழ் பெற்றவை. உடல் இளஞ்சிவப்பு, தலை மட்டும் நீலம். படிகம் வளர்ந்துகொண்டிருந்த திரவத்தின் சரக்கு கடைசிக் கட்டத்தில் மாறியதை அந்த நீலத் தலை அப்படியே பதிவுசெய்து வைத்திருக்கிறது. அதை நகைக்காக அறுத்தால் சில காரட் கல் கிடைக்கும், கடைசிக் கட்டத்தின் கதை போய்விடும். முழுப் படிகத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். மணிக்கல் பொந்துகள் நிறைந்த பெக்மடைட்டுகள், கலிஃபோர்னியாவானாலும் ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தானானாலும் மடகாஸ்கரானாலும், பெரும்பாலும் பத்து கிலோமீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் இறுகியவை. அங்கே குழம்பின் நீர்க்கொள்ளளவு குறைவு, ஆகவே நீர் சீக்கிரம் பிரிகிறது. சுற்றுப்பாறையும் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் பொந்தின் வாயை நெரித்து மூடுவதில்லை.

இன்னும் கீழே போனால் கதை மாறுகிறது. ஆந்திரத்தில் நெல்லூர்ப் பக்கத்துக் கூடூர் வட்டாரம் காக்காப்பொன்னுக்குப் பேர் பெற்றது. பலகை பலகையாக உரிகிற மைக்கா அங்கே பெக்மடைட்டுகளில்தான் கிடைக்கிறது. இவை நடுத்தர ஆழத்தில் இறுகியவை. படிகங்கள் பெரியவை, பெரிலும் உண்டு. ஆனால் பொந்து அரிது, பெரில் பெரும்பாலும் ஒளி புகாத மங்கல் தண்டு. அந்தப் பெரிலுக்கு நகைக்கடையில் இடமில்லை. பெரிலியம் என்ற உலோகத்துக்காக அணுசக்தித் துறை அதைத் தேடியது.

அதற்கும் கீழே போனால் நம் பாறை. பொதிகையும் அதன் அடிவாரமும் சார்னோகைட், கொண்டலைட், நைஸ் வகைப் பாறைகள். சார்னோகைட் என்ற பெயரே நம் தமிழ்நாட்டுக் கல்லால் வந்தது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடக்கும் பலகை பல்லாவரம் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. நம் பகுதியின் இந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், சுமார் 20 கி.மீ. ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருமாறியவை. கனிமங்களின் சேர்க்கையைக் கொண்டு கணக்கிட்டால் இந்த அளவு வருகிறது. அதாவது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலை, ஒருகாலத்தில் அதன்மேல் இருபது கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்த இடம். அதெல்லாம் தேய்ந்து கடலுக்குப் போய்விட்டது. நாம் அண்ணாந்து பார்க்கிற சிகரம் ஒரு பழைய மலையின் வேர்.

இந்த ஆழத்திலும் குழம்பு உண்டானது. சாலைக்காகப் பாறை வெட்டிய இடங்களில், கல்குவாரிகளில், கருநிறப் பாறைக்குள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பருமணிப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் பெக்மடைட்டே. ஆனால் அங்கே குழம்பு அதிக நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், லேசில் பிரியவிடாது. அதோடு சார்னோகைட் வறண்ட பாறை. அதன் படிகங்களுக்குள் அகப்பட்டிருக்கும் நுண்குமிழ்களில் தண்ணீரைவிடக் கரியமில வாயுவே மிகுதி. வறண்ட பாறை உருகினால் வறண்ட குழம்புதானே வரும். எல்லாவற்றையும் மீறிக் கொஞ்சம் நீர் பிரிந்தாலும், சுற்றுப்பாறை அந்தச் சூட்டில் மெழுகாக இளகி நின்றது, எந்த வெற்றிடத்தையும் அமுக்கி மூடிவிடும். மூன்று காரணமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் நம்முடையது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். படியூரைச் சுற்றியுள்ள பாறையும் ஆழத்தில் உருமாறியதுதானே, அங்கே மட்டும் பொந்து எப்படி? பாறை உருவான காலம் வேறு, பெக்மடைட் அதற்குள் புகுந்த காலம் வேறு. சுற்றுப்பாறை ஆழத்தில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, குளிர்ந்து கெட்டிப்பட்ட பிறகு புகுந்த குழம்புதான் பொந்தை விட்டுச்செல்ல முடியும். படியூரில் பொந்து இருந்தது என்ற அந்தப் பழைய குறிப்பு, அந்தக் குழம்பு வந்த நாளில் கொங்குப் பாறை மேல்மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது என்பதற்கான சாட்சி. மணிக்கல் தேடப் போனவர்கள் தெரியாமலே ஒரு நிலப்பரப்பின் எழுச்சியைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அப்படியானால் இரத்தினபுரி? திருவனந்தபுரம்? இரண்டும் நம்மைப் போல ஆழப் பாறைகளே. அன்று இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் மூன்றும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. அந்த ஆழத்திலும் மணிக்கல் விளையும், ஆனால் வேறு வழியில். கெட்டிப் பாறைக்குள்ளேயே, பொந்து இல்லாமல், ஒரு கனிமம் இன்னொன்றாக மாறும்போது நீலமும் கெம்பும் விளையும். பாறை மட்கி, கல் மட்டும் ஆற்றில் உருண்டு, களிமண்ணுக்கு அடியில் கூழாங்கல் படுகையாகத் தங்கும். இலங்கையில் அதை இல்லம் என்கிறார்கள். இரத்தினபுரிக்காரர்கள் பாறையை உடைப்பதில்லை. வயலில் குழி தோண்டி, இல்லத்தை வாரி, கூடையில் அரித்துக் கல் எடுக்கிறார்கள். தென்கேரளத்து வைடூரியம் கிரிசோபெரில் என்ற கனிமம். அங்கே பெக்மடைட் குழம்பு அலுமினியம் மிகுந்த கொண்டலைட்டுக்குள் புகுந்து அதன் சரக்கையும் சேர்த்துக்கொண்டது. பெரிலியம் அலுமினியத்தோடு கூடிக் கிரிசோபெரிலானது. பாறைக்குள் இறுகியே விளைந்தது, ஆற்றுப் படுகையிலும் கிடைக்கிறது. மடகாஸ்கரின் நடுப்பகுதியில் சகதானிப் பள்ளத்தாக்கிலோ, ஏறத்தாழ அதே யுகத்துப் பெக்மடைட்டுகளில் டூர்மலின் நிறைந்த பொந்துகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே பழைய நிலம். அந்தப் பகுதி குழம்பு புகுந்தபோது மேலே இருந்தது, நம் பகுதி கீழே இருந்தது.

நம் பகுதிக்கு எதுவும் கிடையாது என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நம் பாறையில் கார்னெட் ஏராளம். ஆழமும் சூடும்தான் அதற்கு வேண்டும், பொந்து வேண்டாம். நம் நைஸ் பாறைத் துண்டு ஒன்றை நனைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், மிளகளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். மலை தேய, ஆறுகளும் ஓடைகளும் அதைக் கொண்டுபோய்க் கடலில் சேர்க்க, அலை அதைக் கரையில் ஒதுக்குகிறது. உவரி, நவ்வலடிப் பக்கம் கடற்கரை சிவந்து கிடப்பது அதனால்தான். ஒவ்வொரு சிவப்பு மணலும் அந்த இருபது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. மோதிரத்தில் வைக்கிற அளவுக்குப் பெரிதும் தெளிவுமான கல் அதில் அரிது. ஆனால் ஆழத்தைக் கணக்கிடும் புவியியலாளருக்கு அக்வாமரினைவிடக் கார்னெட்தான் பயன்படும். நான் சற்று முன்னால் சொன்ன ஆழக் கணக்குக்கே கார்னெட்டின் வேதியியல்தான் முக்கியமான ஆதாரம்.

கல்குவாரியிலும் கிணற்று வேலையிலும் இருக்கிறவர்கள் இந்த அவையில் சிலர் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பருமணிப் பட்டை ஒன்று குறுக்கே வந்து, அதன் நடுவில் களிமண் நிறைந்த வெற்றிடம் தட்டுப்பட்டால், உடனே கம்பியால் குத்தாதீர்கள். முதலில் அலைபேசியில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, அளவு தெரிவதற்காக. எந்தத் திசையில் பட்டை ஓடுகிறது, தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதிக்கொள்ளுங்கள். களிமண்ணைக் கொட்டிவிடாமல் வாளியில் எடுத்து, சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுங்கள். முறிந்த நுனிகள் அதில்தான் இருக்கும். சுவரில் ஒட்டிய படிகத்தைப் பாறைத் துண்டோடு எடுங்கள், தனியாகப் பெயர்க்காதீர்கள். மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்துக்குச் செய்தி சொல்லுங்கள், பக்கத்துக் கல்லூரியின் புவியியல் ஆசிரியருக்கும் சொல்லுங்கள். அதில் விலைபோகும் கல் இல்லாமல் இருக்கலாம், வெறும் குவார்ட்ஸாகவே இருக்கலாம். அப்போதும் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் உண்மையான ஒரு பொந்து கிடைத்தால், நம் பாறை மேலே ஏறி வந்த பிறகும் இங்கே குழம்பு புகுந்தது என்று பொருள். அப்போது இன்று நான் உங்களுக்குச் சொன்ன கணக்கில் ஒரு பகுதியை அழித்து எழுத வேண்டியிருக்கும். அந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்வேன்.

மேசையில் கூடூர் மைக்காவும், கிளீவ்லண்டைட் துண்டும், உவரி மணலும் லென்ஸோடு வைத்திருக்கிறேன். மாணவர்கள் வரிசையாக வந்து கையில் எடுத்தே பார்க்கலாம். கேள்விகள் இருந்தால் அங்கேயே பேசுவோம்.